சென்னையில் கோடை விடுமுறை: புதிதாகக் குடிவந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மார்ச் பிறந்ததும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சம்மர் கேம்ப் விளம்பரங்கள் வரிசைகட்டி வரும். ரோபோட்டிக்ஸ், அபாகஸ், அடுப்பில்லாச் சமையல், மேடைப்பேச்சு என்று விதவிதமாக இருக்கும். பத்து நாளுக்கு ஒரு கட்டணம், இரண்டாவது பிள்ளைக்குச் சிறு தள்ளுபடி. சொந்த ஊரில் தாத்தா பாட்டி வீடும் தெருவும் பார்த்துக்கொண்ட விடுமுறையை இங்கே பணம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்ற திகைப்பு, சென்னைக்கு மாறி வந்த எல்லாக் குடும்பத்துக்கும் வரும். எங்களுக்கும் வந்தது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, இரண்டு பிள்ளைகள், மாதச் சம்பளம். அலைந்து, விசாரித்து, வரிசையில் நின்று தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அடுத்து வருகிறவர்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் பிள்ளைகளுக்கான நல்ல இடங்களிலும் பயிற்சிகளிலும் பெரும்பாலானவை அரசு நடத்துபவை. கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அவை உங்களைத் தேடி வராது. அறிவிப்பு ஏப்ரல் நடுவில் திடீரென்று வரும், பிரபலமான விளையாட்டுகளில் இடம் சட்டென்று நிரம்பும், ஒவ்வோர் இடத்துக்கும் வார விடுமுறை ஒவ்வொரு நாளில் இருக்கும். தேதியையும் காகிதத்தையும் முன்கூட்டியே சரிசெய்துகொண்டால் பாதிச் செலவு தானாகக் குறைந்துவிடும்.

1. மார்ச் முதல் வாரம்: தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

பள்ளி எந்தப் பாடத்திட்டம் என்பதைப் பொறுத்து விடுமுறை மாறும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடியும், மாதக் கடைசியில் விடுமுறை தொடங்கும், ஜூன் முதல் வாரத்தில் பள்ளி திறக்கும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் புதிய வகுப்பே ஏப்ரலில் தொடங்கிவிடும். விடுமுறை மே மாதத்தில்தான். அக்கா ஒரு பள்ளி, தம்பி ஒரு பள்ளி என்றால் இருவருக்கும் பொதுவான நாள்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். அதனால் இரண்டு நாள்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிறகு அந்த வாரங்களை மூன்றாகப் பிரியுங்கள்: ஊருக்குப் போகும் வாரங்கள், ஏதாவது ஒரு பயிற்சிக்குப் போகும் வாரங்கள், எதுவும் திட்டமிடாத வாரம். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சும்மா இருக்கும் நாளும் வேண்டும். எல்லா நாளையும் நிரப்பப் பார்க்கும்போதுதான் செலவு கைமீறுகிறது.

2. ஊருக்குப் போவதாக இருந்தால் ரயில் சீட்டு முதலில்

ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு முடிந்துவிட்டது. மே 1 கிளம்ப வேண்டும் என்றால் மார்ச் 2 காலை 8 மணிக்குக் கையில் போனோடு தயாராக இருக்க வேண்டும். நெல்லை, மதுரை, நாகர்கோவில் பக்கம் போகும் இரவு ரயில்களில் விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். செவ்வாய், புதன் கிளம்பினால் பெரும்பாலும் கிடைக்கும்.

குழந்தைக் கட்டணத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 5 வயது நிறைந்து 12 வயது நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாம், பெற்றோருடன் படுத்துக்கொள்ளும் என்று பதிவு செய்தால்தான் அரைக் கட்டணம். ஐந்து, ஆறு வயதுக்கு அது சரி. பத்து வயதுப் பிள்ளையோடு ஒரே படுக்கையில் இரவு முழுக்கப் படுத்துவிட்டு மறுநாள் எழுந்தால் யாருக்கும் நன்றாக இருக்காது. அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

3. காகிதங்களை ஒரே உறையில் போடுங்கள்

பதிவுக்குப் போகிற இடத்திலெல்லாம் ஏறக்குறைய இவற்றைத்தான் கேட்பார்கள்:

- பிள்ளையின் ஆதார் நகல், இரண்டு மூன்று பிரதிகள்
- பிறப்புச் சான்றிதழ் நகல் (வயது வரம்பு உள்ள எல்லாப் பயிற்சிக்கும்)
- பள்ளி அடையாள அட்டை
- பாஸ்போர்ட் அளவு புகைப்படம்
- உங்கள் முகவரி ஆதாரம். வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தத்தின் நகலும்
- நீச்சலுக்கு என்றால் உடல்தகுதி பற்றி மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்று

இதில் இரண்டு இடத்தில் சிக்கல் வரும். முதலாவது, பள்ளி அடையாள அட்டை. கல்வியாண்டு முடியும்போது சில பள்ளிகள் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். மாணவர் கட்டணம் தனியாக உள்ள இடங்களில் அட்டை இல்லாவிட்டால் பெரியவர் கட்டணம் கேட்பார்கள். கடைசித் தேர்வுக்கு முன்பே அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். அட்டை கையில் இருக்காது என்று தெரிந்தால், அலுவலகம் மூடுவதற்குள் பள்ளியில் ஒரு போனஃபைட் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். மே மாதத்தில் கையெழுத்துப் போட அங்கே ஆள் இருக்கமாட்டார்கள்.

இரண்டாவது, ஆதார். 5 வயதுக்கு முன் எடுத்த நீல நிற அட்டையில் கைரேகை பதிந்திருக்காது. 5 வயது ஆனதும் ஒரு முறை, 15 வயதில் ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதோடு, பழைய ஊரில் எடுத்த ஆதாரில் பழைய செல்பேசி எண் இருந்தால் ஓ.டி.பி. உங்களுக்கு வராது. விடுமுறை தொடங்கியதும் ஆதார் மையங்களில் பிள்ளைகளோடு நீண்ட வரிசை நிற்கும். மார்ச்சிலேயே முடித்துவிட்டால் நிம்மதி.

4. பகலில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு உண்மையான பிரச்சினை இதுதான். எந்த விளம்பரமும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பெரும்பாலான முகாம்கள், அரசுடையதோ தனியாருடையதோ, இரண்டு மூன்று மணி நேரம்தான் நடக்கும். காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஏழுக்கு வீடு திரும்பும் உங்களுக்கு மிச்ச நேரம் அப்படியே இருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு முகாம் முடிந்தால் யார் போய் அழைத்துவருவார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் எந்த முகாமுக்கும் பணம் கட்டாதீர்கள்.

முழு நாள் பார்த்துக்கொள்ளும் டே கேர் ஒரு வழி. பல டே கேர்களில் விடுமுறைக்கு மட்டும் ஒரு மாதம் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் பெரிய பிள்ளைகளை எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் பத்து வயதுப் பிள்ளை அங்கே இருக்க விரும்பாது.

எங்களுக்குக் கைகொடுத்தது முறைவைப்பு. ஒரே குடியிருப்பில் அல்லது ஒரே தெருவில் உள்ள ஐந்து குடும்பங்கள் சேர வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் அப்பாவோ அம்மாவோ அன்று விடுப்பு எடுப்பார் அல்லது வீட்டிலிருந்து வேலை செய்வார். மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அங்கே வந்துவிடும். ஒரு குடும்பத்துக்கு வாரம் ஒரு நாள். கணவனும் மனைவியும் மாறி மாறி எடுத்தால் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு விடுப்புதான் செலவாகும். தாத்தாவோ பாட்டியோ இருக்கும் வீடு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அவர்கள்மேலேயே எல்லா நாளையும் சுமத்திவிடக் கூடாது.

இது நடக்க வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே சில விஷயங்களை வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும். சாப்பாடு அந்த வீட்டிலா, அவரவர் டப்பாவிலா? (டப்பாதான் நல்லது. அசைவம், சைவம், ஒவ்வாமை என்ற பேச்சே எழாது.) டி.வி., போன் எத்தனை மணி நேரம்? பிள்ளையை வெளியே கூட்டிப்போவதற்கு முன் அதன் பெற்றோரிடம் கேட்க வேண்டும். நீச்சல் குளம், கடற்கரை என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். காய்ச்சல், சளி என்றால் அன்று அனுப்பக் கூடாது. அவசரத்துக்கு இரண்டு எண்கள், பக்கத்து மருத்துவமனை எது என்பதை ஒரு தாளில் எழுதி எல்லா வீட்டுக் கதவிலும் ஒட்டுங்கள். பணம் கைமாற வேண்டாம். மாறினால் கணக்குப் பேச்சு வரும், கணக்குப் பேச்சு வந்தால் முறைவைப்பு நிற்காது.

புதிதாக வந்தவர்களுக்கு அக்கம்பக்கம் தெரியாதே என்று தோன்றும். மாலையில் குடியிருப்புப் பூங்காவில் ஒரு வாரம் உட்காருங்கள். அங்கே இருக்கும் அம்மா அப்பாக்களுக்கும் இதே கவலைதான்.

5. காலை நேரத்துக்கு ஒரு பயிற்சி: அரசு முகாம்களை முதலில் பாருங்கள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை கோடைகாலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. 18 வயது வரை சேரலாம். தடகளம், கூடைப்பந்து, கால்பந்து, கையுந்துபந்து, ஹாக்கி, ஜிம்னாஸ்டிக்ஸ் என்று பல விளையாட்டுகள். அதிகாலையிலும் மாலையிலும் பயிற்சி இருக்கும். எது எந்த அரங்கில் என்பது விளையாட்டைப் பொறுத்தது: பெரியமேட்டில் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம், எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கம், வேளச்சேரியில் நீச்சல் வளாகம் என்று நகரம் முழுக்கப் பரந்திருக்கிறது. 2024, 2025 ஆண்டுகளில் சென்னையில் முகாமுக்குக் கட்டணம் 500 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 200 ரூபாய். இந்தக் கட்டணத்துக்கு இப்படிப்பட்ட மைதானமும் பயிற்சியாளரும் நகரத்தில் வேறெங்கும் கிடைக்கமாட்டார்கள்.

ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து ஆணையத்தின் இணையதளத்தைத் தினமும் ஒரு முறை பாருங்கள். தமிழ் நாளிதழ்களின் சென்னைப் பக்கத்திலும் சிறு செய்தியாக வரும். விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளையின் விருப்பத்தோடு அரங்கம் எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். காலை ஆறரைக்குப் பயிற்சி என்றால் ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் போய்ச்சேர முடியாத அரங்கத்தைத் தேர்ந்தெடுத்தால் முதல் வாரத்தோடு நின்றுவிடும். பக்கத்தில் ஹாக்கி மைதானம்தான் என்றால் ஹாக்கியே ஆடட்டும், நன்றாகத்தான் இருக்கும்.

நீச்சல் தனிக் கணக்கு. அதற்குக் கட்டணம் கூடுதல், சுற்றுச் சுற்றாகச் சேர்ப்பார்கள். மே முதல் சுற்றுக்குத்தான் கூட்டம் அலைமோதும். ஏப்ரலில் தேர்வு சீக்கிரம் முடிந்துவிடும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஏப்ரல் சுற்றில் சேர்ந்தால் குளத்தில் இடமும் இருக்கும், பயிற்சியாளரின் கவனமும் கிடைக்கும். நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி மூன்றும் கட்டாயமாகக் கேட்பார்கள். குளத்தின் வாசலில் வாங்காமல் முன்பே வாங்கிவையுங்கள்.

கலைகளில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு ஜவகர் சிறுவர் மன்றம். மாநிலக் கலை பண்பாட்டுத் துறை நடத்துவது, 5 முதல் 16 வயது வரை. பாட்டு, பரதம், ஓவியம், சிலம்பம் போன்றவற்றைச் சிறு கட்டணத்தில் கற்றுத் தருகிறார்கள். விடுமுறைக்கு மட்டுமல்லாமல் ஆண்டு முழுக்க வார இறுதி வகுப்பும் உண்டு. பிள்ளைக்குப் பிடித்துப்போனால் ஜூனிலும் தொடரலாம் என்பதே தனியார் முகாமைவிட இதை நான் மேலாக நினைப்பதற்குக் காரணம்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்த விடுமுறை வகுப்புகளும் பல இடங்களில் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன. உங்கள் நம்பிக்கைக்கு ஏற்றதாக இருந்தால் நல்ல வழிதான். என்ன சொல்லித்தருகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. தனியார் முகாமில் சேர்ப்பதாக இருந்தால்

சேர்க்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சில நல்ல முகாம்கள் இருக்கின்றன. ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை முழுத் தொகை அல்ல. பதிவுக் கட்டணம், பொருள்களுக்கான கட்டணம், டி-ஷர்ட், கடைசி நாள் நிகழ்ச்சிக்கு உடை வாடகை, அன்றைய புகைப்படம், எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எங்கள் பகுதியில் ஒரு முகாமில், முன்பணம் கட்டிய பிறகுதான் இவையெல்லாம் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பிள்ளைக்கு அம்மை போட்டபோது கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்:

- வரி உட்பட மொத்தம் எவ்வளவு? பிறகு வேறு எதற்காவது பணம் கேட்பீர்களா?
- பிள்ளை நோய்வாய்ப்பட்டால், நீங்களே முகாமை ரத்து செய்தால், பணம் திரும்புமா?
- ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? வயது வாரியாகப் பிரிப்பீர்களா?
- கழிவறைக்குச் சின்னப் பிள்ளைகளோடு யார் போவார்கள்?
- பிள்ளையை வேறு யாராவது அழைத்துப்போக வந்தால் என்ன செய்வீர்கள்?

கடைசி இரண்டு கேள்விக்குத் தயங்காமல் பதில் வர வேண்டும். தயங்கினால் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். முகாமுக்குப் போகும் பிள்ளையிடம் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லிவையுங்கள். அரசு முகாமுக்குப் போனாலும்தான். யார் தொட்டாலும் பிடிக்கவில்லை என்றால் உடனே நம்மிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

7. மதிய வெயிலுக்கு நூலகம்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. 2010இல் திறந்த இந்த நூலகத்தின் முதல் தளத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. நடுவே ஒரு பெரிய செயற்கை மரம், சின்ன நாற்காலிகள், தமிழிலும் ஆங்கிலத்திலும் படக்கதைகள், குளிர்சாதன வசதி. மே மாத மதியத்தில் நான்கு மணி நேரம் பிள்ளைகள் அங்கே சலிக்காமல் இருப்பார்கள். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வார இறுதியில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளும் நடக்கும். வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழும்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா நூலகம். ஆனால் சும்மா இருக்கும் சாதாரண நாளுக்கு உங்கள் பகுதிக் கிளை நூலகம்தான் உண்மையான துணை. வைப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் மிகக் குறைவு. ஒரு ஹோட்டல் பில்லைவிடக் குறைவு. முகவரி ஆதாரமும் புகைப்படமும் கொடுத்து உறுப்பினராகிவிட்டால் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்துவரலாம். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மதியம் சிறிது நேரம் மூடுவதும் உண்டு. நூலகரிடம் பேசிப் பழகுங்கள். பிள்ளை எந்தப் புத்தகத்தை விரும்பிப் படிக்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை அவரே எடுத்துவைப்பார்.

8. வாரம் ஒரு வெளிப்பயணம்: புதன் அல்லது வியாழன்

ஏன் இந்த இரண்டு நாள்? வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, அதன் பக்கத்தில் உள்ள பாம்புப் பண்ணை, முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா பாரம்பரிய அருங்காட்சியகம் நான்குக்கும் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியகம், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் இரண்டுக்கும் வெள்ளி விடுமுறை. பெரம்பூர்ப் பக்கம் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்கும் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் திங்கள் விடுமுறை. சனி, ஞாயிறு எங்கும் கூட்டம். மிஞ்சுவது புதனும் வியாழனும்தான். பிள்ளைகளைக் கிளப்பி, பேருந்து மாறி, பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புவதைவிட எரிச்சலானது வேறில்லை. கோடைக் கூட்டத்துக்காகச் சில இடங்கள் விடுமுறை நாளிலும் திறப்பதுண்டு. அதை நம்பிக் கிளம்பாமல் இணையதளத்தைப் பாருங்கள்.

இடங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் பகுதி பகுதியாகச் சேர்த்துப் பார்ப்பது பணத்தையும் களைப்பையும் குறைக்கும்.

*கோட்டூர்புரம், கிண்டி.* காலையில் கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை. வெயில் ஏறியதும் காந்தி மண்டபம் சாலையில் உள்ள பிர்லா கோளரங்கத்துக்கு வந்துவிடுங்கள். உள்ளே இருட்டு, குளிர்ச்சி. தமிழ்க் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் நேரம் வேறு வேறு. சின்னப் பிள்ளைகளோடு போனால் தமிழ்க் காட்சி நேரத்தைக் கேட்டு அதற்கேற்பப் போங்கள். வளாகத்தில் உள்ள அறிவியல் பூங்காவில் தொட்டுப் பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. அங்கிருந்து அண்ணா நூலகம் நடக்கும் தூரம்தான். ஒரே நாளில் நான்கு இடம், பேருந்துச் செலவு போக வர ஒரு முறை.

*எழும்பூர்.* பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகமும் கன்னிமாராவும் ஒரே வளாகத்தில். அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது, பல கட்டடங்கள் கொண்டது. எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட நினைத்தால் பிள்ளைகள் களைத்துவிடும். திமிங்கல எலும்புக்கூடு ஒரு நாள், செப்புத் திருமேனிகள் இன்னொரு நாள், சிறுவர் பகுதி வேறொரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துப் பிடித்த ஒரு பொருளை வரையச் சொன்னால் ஒரே கூடத்தில் ஒரு மணி நேரம் இருப்பார்கள்.

*வண்டலூர்.* நுழைவுச்சீட்டு பெரியவருக்கு 200 ரூபாய் என்பதால் இது ஒரு கோடைக்கு ஒரு முறை போதும். பேட்டரி வண்டி, சஃபாரி, வாகன நிறுத்தம் எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம். சீட்டை இணையத்தில் முன்பே வாங்கி, காலை திறக்கும் நேரத்துக்கே உள்ளே போய், பதினோரு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். மதிய வெயிலில் விலங்குகளே நிழலுக்குப் போய்விடும். பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, அதனால் எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போங்கள்.

*மாமல்லபுரம்.* தொல்லியல் துறைச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை, பெரியவர்களுக்குத்தான் சீட்டு. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் இது பொருந்தும். ஆனால் மாமல்லபுரத்துக்கு மே மாதம் வேண்டாம். பாறை சுடும், நிழல் குறைவு. டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய பூங்காக்கள் சிலவற்றில் நுழைவுக் கட்டணம் சிறியதாக இருக்கும், உள்ளே ஜிப்லைன், இசை நீரூற்று என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு. பிள்ளை கேட்டு அழுதபிறகு மறுக்க முடியாது. கிளம்புமுன் வீட்டிலேயே "ஒன்றுதான், எது வேண்டும்?" என்று முடிவுசெய்துவிடுங்கள்.

பணமே ஆகாத ஒன்று: மார்ச், ஏப்ரல் மாலைகளில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். முட்டை பொரிவதைப் பொறுத்து நாள் அமையும். தொடக் கூடாது, பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது, குஞ்சுகள் போகும் பாதையில் நிற்கக் கூடாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டே கூட்டிப்போங்கள்.

9. போக்குவரத்தில் மிச்சம்

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் பயணம் இலவசம். கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டீலக்ஸ், ஏ.சி. பேருந்தில் இது கிடையாது. 5 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம்; 12 வயது வரை பையன்களுக்கு அரைச் சீட்டு. பள்ளி தரும் இலவசப் பேருந்து அட்டை வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மட்டும்தான், விடுமுறையில் அதை நம்ப வேண்டாம்.

கூட்டம் குறைவு, வெயில் இல்லை என்பதால் பிள்ளைகளோடு எனக்குப் பிடித்தது புறநகர் ரயிலும் பறக்கும் ரயிலும்தான். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். வண்டலூருக்கும் எழும்பூருக்கும் கோட்டூர்புரத்துக்கும் நிலையம் உண்டு. மெட்ரோவில் 10 முதல் 50 ரூபாய். க்யூஆர் சீட்டுக்கும் பயண அட்டைக்கும் 20 சதவீதத் தள்ளுபடி, 90 செ.மீ. உயரத்துக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு எடுக்கச் சென்னை ஒன்று செயலி இருக்கிறது.

ஆட்டோவுக்கு ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். திரும்பி வரும்போது பிள்ளை தூங்கிவிட்டால் அப்போது பேருந்து மாறச் சொல்லக் கூடாது.

10. வெயிலும் கடலும்

மே முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை கத்திரி. பதினொன்று முதல் நான்கு மணி வரை திறந்த வெளியில் எந்தத் திட்டமும் வேண்டாம். தொப்பி, பருத்திச் சட்டை, மோர் அல்லது எலுமிச்சைச் சாறு, பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பிள்ளை ஆடுவதை நிறுத்திச் சோர்ந்து உட்கார்ந்தாலே நிழலுக்குக் கொண்டுபோங்கள். தலைவலி, குமட்டல் என்று சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் எந்தக் கரையானாலும் கடலில் இறங்கிக் குளிக்க விடாதீர்கள். கரையோரமே ஆழமாகும், அலை உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்த பெரியவர்களே ஆண்டுதோறும் மூழ்கிப்போகிற கடல் இது. வெறும் காலை நனைப்பதானாலும் பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்க வேண்டும். மணலில் விளையாட விடியற்காலை ஐந்தரை மணி நல்ல நேரம்: கூட்டம் இருக்காது, மணல் சுடாது, மீன்பிடிப் படகுகள் கரை திரும்புவதையும் பார்க்கலாம்.

11. கணக்கும் கடைசி வாரமும்

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் போடும் கணக்கு இப்படி இருக்கும். விளையாட்டு முகாம் இருவருக்கும் 1,000 ரூபாய். காலணி, பாட்டில், தொப்பிக்கு ஏறக்குறைய அதே அளவு. வாரம் ஒரு வெளிப்பயணத்துக்கு, வண்டலூர் நாளைத் தவிர, சாப்பாடு வீட்டிலிருந்தே எடுத்துப்போனால் 300 ரூபாய்க்குள் முடிக்கலாம். வண்டலூர் நாளுக்கு மட்டும் 800, 900 வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ, ஐஸ்கிரீம், எதிர்பாராத செலவுக்கு 1,000. எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குச் சற்று மேலோ கீழோ வரும். வெளிச் சாப்பாடு சேர்ந்தால் இந்தக் கணக்கு நிற்காது. எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.

மே கடைசி வாரத்தில் வேறு எதையும் வைக்காதீர்கள். சீருடை அளவு பார்ப்பது, தையல்காரரிடம் கொடுப்பது, நோட்டுக்கு அட்டை போடுவது, தூங்கி எழும் நேரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று அதுவே நிறைய இருக்கும். வெயில் குறையாவிட்டால் பள்ளித் திறப்பைத் தள்ளிவைப்பதும் நடக்கும்; 2023, 2024 இரண்டு ஆண்டும் அப்படித்தான் தள்ளிப்போனது. அறிவிப்பு வெகு சில நாளுக்கு முன்புதான் வரும். ஆகவே இருக்கும் விடுப்பை எல்லாம் மே மாதத்திலேயே தீர்த்துவிடாமல், ஜூன் முதல் வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு நாளாவது மிச்சம் வையுங்கள். முறைவைப்புக் குடும்பங்களிடமும் அந்த வாரத்துக்கு இப்போதே பேசிவையுங்கள்.